குளத்துக்காக நீண்ட பேச்சு

குளம் பிழைக்குமா, மூடப்படுமா என்று தெரிந்துகொள்ள ஊரே நகர்மன்றத்தில் திரண்டிருந்தது. ஆண்டு முழுக்கச் சண்டை போடும் ஊர்க்காரர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அன்று தோள் உரசி நின்றார்கள். சிலர் நீச்சல் தொப்பியோடே வந்திருந்தார்கள்.

திறந்தவெளி நீச்சல் குளத்தைப் பழுதுபார்த்து நடத்த வேண்டும் என்ற தீர்மானம் மெர்லே தீசன் கொண்டுவந்தது. வேதியியல் விரிவுரையாளர், மன்றத்துக்குப் புதியவள். ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. சமமாக முடிந்தால் தீர்மானம் தோற்றுவிடும். எந்தப் பக்கம் என்று வாய் திறக்காத ஒரே உறுப்பினர் ஓட்டோகார் ப்ரூன்ஸ். மாணவர் விடுதிக்கு எதிர்வீட்டுக்காரர். இரைச்சல் தாங்காமல் போலீசைக் கூப்பிட்டே பேர் வாங்கியவர். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

"லிஃப்ட் நின்னுபோச்சு மேடம்! ப்ரூன்ஸ் பெருசு உள்ள மாட்டிக்கிட்டாரு!" என்று வாசலிலிருந்து ஒரு மாணவி கத்தினாள்.

மெர்லே எழுந்தாள். "கொஞ்ச நேரம் ஒத்திவைங்க."

"முடியாதும்மா. உங்க கடைசிப் பேச்சைப் பேசிட்டு உட்காருங்க. வாக்கெடுப்பு இருக்கு," என்றார் மேயர்.

கடைசிப் பேச்சு! அதற்கு நேர வரம்பு கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ப்ரூன்ஸ் வரும்வரை இழுத்துவிடலாம் என்று குளோரினில் தொடங்கினாள். வடிகட்டிக்குத் தாவினாள். அங்கிருந்து பாசிக்குப் போனாள்.

"இதென்ன வகுப்பா?" என்று எதிர்வரிசையில் ஒருவர் சீறினார்.

"ஆமா, கடைசியில பரீட்சையும் உண்டு!" என்றாள் மெர்லே.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. கீழே இரும்புக் கதவை நெம்பும் சத்தம். "இழு! இன்னும் இழுடா!" மெர்லேவுக்குத் தொண்டை வறண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரைப் பற்றியே மேலும் பேசினாள்.

திடீரென்று படிக்கட்டில் ஆரவாரம். கிரீஸ் அப்பிய சட்டையோடு, இரண்டு மாணவர்களின் தோளைப் பிடித்தபடி ப்ரூன்ஸ் உள்ளே வந்தார்.

"இன்னும் இருக்கா?" என்று மேயர் பல்லைக் கடித்தார்.

"இல்லீங்க, முடிஞ்சுது."

ஆதரித்தவர்களின் கைகள் உயர்ந்தன. ப்ரூன்ஸ் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெர்லே அவரையே பார்த்தாள். அவர் கை மெல்ல மேலே போனது.

கூரை பிய்த்துக்கொள்ளும்படி கூச்சல்!

"ஐயா, நீங்க எப்படி எங்க பக்கம்..." என்று மெர்லே தடுமாறினாள்.

"இவனுங்க எங்கயாச்சும் கத்தித்தான் தீருவானுங்க. குளத்துல போய்க் கத்தட்டும், என் ஜன்னலுக்குக் கீழ வேண்டாம்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அதோட, எனக்கும் நீஞ்சப் பிடிக்கும்மா."

மாணவர்கள் அதற்குள் குளத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்கள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று சொல்ல வாயெடுத்த மெர்லே, தானும் பின்னால் ஓடினாள்.