பன்னிரண்டு சுற்று

படலையடியில் மீராசாகிபுவின் குரல் கேட்டதும், காரின் நெற்றியில் பூசியிருந்த திருநீற்றைப் பேச்சியம்மா முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் முதலில் திருநீறு, பிறகு முன்பக்கத்தில் ஹேண்டிலை மாட்டி எஞ்சினைப் பன்னிரண்டு சுற்று. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, மீராசாகிபு தன் பழைய ஒஸ்ரின் காரை ட்ரைவர் வீரையாவின் வளவில் விட்டுவிட்டு, "எஞ்சின் இறுகிப்போகாமக் கையால சுத்தி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவர். வீரையாவின் தோள்மூட்டு அப்போதே மக்கர் பண்ணியதால், முதல்நாளிலிருந்தே சுற்றுவது அவர் மனைவி பேச்சியம்மாதான். எஞ்சின் ஒயில் கிடைக்காத காலத்தில் இலுப்பெண்ணெய் விட்டுச் சுற்றினாள். சுற்றும்போது உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். உள்ளே என்னதான் நடக்கிறது, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அவளுக்குக் கொள்ளை ஆசை.

இப்போது சமாதான காலம், பாதை திறந்திருந்தது. மீராசாகிபு, அகதியாகப் போயிருந்த புத்தளத்திலிருந்து புதுப் பற்றரியும் ஒரு கான் பெற்றோலும் கொண்டுவந்திருந்தார். கார் ஓடினால் இங்கேயே திரும்பவும் யாவாரம் தொடங்கலாம்.

"ஒரேயொரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம் மொதலாளி, கோவிச்சுக்காதீங்க" என்றாள் பேச்சியம்மா. "நீங்க போன ரெண்டாம் மாசம் என்னையப் பாம்பு கடிச்சிருச்சு. எஞ்சின் புடிக்கவே இல்ல. பற்றரி செத்துப்போச்சுன்னு சொல்லி, இவரு சைக்கிள்லதான் வச்சு ஆஸ்பத்திரிக்கு மிதிச்சாரு."

மீராசாகிபுவின் கை இடுப்பு வாரிலேயே நின்றுவிட்டது. வார்ப் பைக்குள், எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் துண்டு இருந்தது. யாரும் காரை ஓட்டிக்கொண்டு போகாதபடி அன்று அவரே கழற்றிக்கொண்டு போனது. அது இல்லாமல் எஞ்சின் ஒருநாளும் பற்றாது. இவள் பார்க்காமல் எப்படி மாட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

வீரையா காரின் முன்பக்கப் பொனற்றைத் தூக்கினார். எஞ்சினில் வயர்கள் கூடும் கறுப்பு மூடியை நேரே போய்க் கழற்றினார். வெறுமையாக இருந்த உள்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை, கையை மட்டும் மீராசாகிபுவிடம் நீட்டினார். மீராசாகிபு வார்ப் பையைத் திறந்தார். துண்டை அந்தக் கையில் வைத்தார்.

"அது என்னங்க?" பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள்.

"பழசு பழுதாப்போச்சு. மொதலாளி புதுசு கொண்டாந்திருக்காரு."

"புதுசா? பழசாட்டம்ல இருக்கு."

வீரையா துண்டைப் பொருத்தி மூடியைத் திரும்ப மாட்டினார். பற்றரியைப் பூட்டினார்கள், பெற்றோலை ஊற்றினார்கள்.

"தள்ளு புள்ள, நான் சுத்துறன்" என்று மீராசாகிபு ஹேண்டிலைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"இவ்வளவு நாளும் சுத்துனது நானு. சத்தத்த நாந்தான் மொதல்ல கேக்கணும்."

எஞ்சின் பற்றும்போது ஹேண்டில் திருப்பி அடிக்கும், பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால் முறிந்துவிடும் என்று அவள் சுற்றத் தொடங்கிய முதல்நாளே வீரையா சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பெருவிரல் கவனம்" என்றார் மீராசாகிபு.

"பதிமூணு வருசமா கவனமாத்தான் இருக்கேன் மொதலாளி."

காலை அகட்டி ஊன்றினாள். வழக்கம்போலப் பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒட்டி மடித்துக்கொண்டு, ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுத்தாள்.