கடைசித் தெருவின் முறை

லாரியிலிருந்து இழுத்துவந்த ரப்பர் குழாய் வாசற்படியில் ஏறுவதற்குள் மகள் அதன்மேல் காலை வைத்துவிட்டாள்.

"சித்தப்பா, வேணாம். சுருட்டச் சொல்லுங்க."

"என்னம்மா விளையாடறியா? அண்ணனைக் கடைசியாக் குளிப்பாட்டணும். வீட்டுல சொட்டுத் தண்ணி கிடையாது. நான் ஒரு லாரியையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன்!"

"அதான் பிரச்சினையே."

அண்ணன் தம்பி கதை அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது! அப்பா நகராட்சியில் தெருத்தெருவாகத் தண்ணீர் வால்வு திறப்பவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பியோ தண்ணீர் லாரி முதலாளி. ஒரு ஓட்டை லாரியில் ஆரம்பித்தவர், இப்போது எத்தனை ஓடுகின்றன என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு ஒரே தண்ணீரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள் இருவரும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சித்தப்பா வருவார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன சர்க்கார், இன்னிக்காவது தண்ணி விட்டீங்களா?"

"வாடா முதலாளி. காசில்லாதவன் வீட்டுக்கு உன் லாரி என்னிக்காவது போயிருக்கா?"

"உங்க பைப்பு உடைஞ்சப்ப ஊரே என் லாரி பின்னாடிதானே ஓடிச்சு? போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் அண்ணே வேலை நடக்கும்."

அப்பா விடமாட்டார். பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே, "எப்படியோ போ. உன் லாரித் தண்ணி என் வீட்டுப் படியேறாது. நான் செத்தாலும் ஏறாது" என்பார். இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். போன ஞாயிறும் அதே பேச்சு, அதே சிரிப்பு. இன்று விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

சிரித்துக்கொண்டு சொன்னதை வாக்காக எடுத்துக்கொள்வதா, வேடிக்கையாக விட்டுவிடுவதா? இனி அவரிடம் கேட்கவும் முடியாது. அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

அந்த நேரம் பார்த்துப் அப்பாவுக்குப் பிறகு வந்த புது வால்வுக்காரர், வால்வு திறக்கும் ஆளுயர இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அக்கா, கவலைப்படாதீங்க. இன்னிக்கு உங்க தெருவை முதல்ல திறந்துடறேன். அவருக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

வாசலில் நின்றவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. சித்தப்பா அவர் முதுகில் தட்டினார். அவள் மட்டும் மேட்டுத் தெருப் பக்கம் பார்த்தாள். இந்தத் தெரு பள்ளத்தில் இருக்கிறது. இதை முதலில் திறந்தால் தண்ணீர் முழுதும் இங்கேயே ஓடிவந்துவிடும். மேட்டுத் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். அதனால்தான் அப்பா வேலையில் இருந்தவரை சொந்தத் தெருவைக் கடைசியில் திறந்தார். அம்மா போடாத சண்டையா! "ஊருக்கெல்லாம் தண்ணி விடறீங்க, நம்ம வீட்டுக் குடம் காயுது!" அவர் கேட்டால்தானே? "மேட்டுல இருக்கிறவன் முதல்ல பிடிக்கட்டும். நமக்கு எப்பத் திறந்தாலும் வரும்." வீட்டுக்குள் குழாய் இணைப்புகூட வாங்கவில்லை. தெருவில் எல்லோரும் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியே போட்டுவிட்டார் மகராசன்.

"வேணாங்க. வழக்கம்போல மேட்டுத் தெருவுக்கே முதல்ல விடுங்க" என்றாள்.

சித்தப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்த மனுஷனுக்குக்கூடவா வரிசை? லாரியும் வேணாம், குழாயும் வேணாம்னா எப்படி? சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. என்ன பிடிவாதம் இது?"

"எனக்கு மட்டும் ஆசையா சித்தப்பா? அவரை இப்படியே போட்டு வெச்சிருக்க எனக்கு என்ன, கல் மனசா?" உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நீயாவது சொல்லும்மா."

அம்மா அப்பாவின் கலைந்த முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷனால தண்ணிக்குக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் காத்திருக்க மாட்டேனா?"

வால்வுக்காரர் மேட்டுத் தெருப் பக்கம் சைக்கிளை மிதித்தார். வெயில் ஏறியது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். குழந்தைகள் தாகமென்று அழுதன. கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்த சித்தப்பா, லாரி கிளீனரைக் கூப்பிட்டார்.

"பின்னாடி குழாயைத் திறந்து விடு. தெருவுல நிக்கிறவங்க குடிக்கட்டும், கைகால் கழுவட்டும். யார்கிட்டயாவது காசு கேட்டே, தோலை உரிச்சுடுவேன். அப்புறம்... ஒரு சொட்டு அந்தப் படியில தெறிக்கக் கூடாது."

ஜன்னல் வழியாக அவளுக்கு அது கேட்டது. சித்தப்பாவின் மீதிருந்த கோபமெல்லாம் போய், அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

வெகு நேரம் கழித்துத் தெருக்குழாய் இருமியது. காற்று சீறி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கி, பிறகு தெளிந்தது. அவள் கொல்லைப்புறம் ஓடிப்போய் அப்பாவின் நசுங்கிய வாளியைத் தேடினாள். காணவில்லை.

வாசலுக்கு வந்தாள். குழாயடியில் வழக்கம்போல் குடங்களோடு வரிசை நின்றது. அதன் கடைசியில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் தங்கக் கடிகாரமுமாகச் சித்தப்பா. அவர் கையில் அந்த நசுங்கிய வாளி. முன்னால் நின்ற பெண்கள் பதறி விலகினார்கள்.

"ஐயோ, நீங்க முதல்ல பிடிங்கண்ணே!"

"வேணாம்மா," என்றார் சித்தப்பா. "சர்க்கார் திட்டுவார்."

முதல் குடம் நிறைந்தது. அந்தப் பெண் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். சித்தப்பா வாளியைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தார்.