இருவர் கூடாரம் ஒன்று

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. பட்டியல் என் மனைவியின் கைப்பையில் இருந்தது. கையெழுத்து அவளுடையதல்ல.

இருவர் கூடாரம் 1
தூக்கப்பை 2
அடுப்பு 1
பஞ்சர் பெட்டி 1

இரண்டாம் வரி உறுத்தியது என்று முதலில் எழுதினேன். பொய். முதல் வரிதான்.

2

எழுதியவன் அவளோடு மருத்துவமனையில் வேலை செய்பவன். எக்ஸ்ரே எடுப்பவன். எங்கள் வீட்டில் அவன் பெயரே எக்ஸ்ரே. இருவரும் நான்கு நாள் சைக்கிளில் போகிறார்கள், ஆற்றோரமாக, கூடாரம் அடித்துத் தங்கி. அவளுக்கு இது முதல் பயணம்.

தொடக்கம் அ: "அவன் உயரமானவன்." அடித்துவிட்டேன். என் கதையில் அவன் ஏன் உயரமாக இருக்க வேண்டும்?

தொடக்கம் ஆ: அவனுக்கு முட்டி வலி கொடுத்தேன். இரண்டாம் நாளே திரும்பிவிடுவான். பிறகு தோன்றியது: முட்டிக்குத் தைலம் யார் தேய்ப்பது? உடனே குணப்படுத்திவிட்டேன்.

தொடக்கம் இ: "அவன் சிரிக்கும்போது கன்னத்தில்..." பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

3

"கூடாரம் ஒண்ணுதானா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கடையில பார்த்துதான் முடிவு பண்ணணும். நீங்களும் வாங்களேன்."

"எழுத வேண்டியது கிடக்கு."

"அதானே. மூணு வருஷமா அதைத்தான் எழுதிட்டிருக்கீங்க."

(மூன்று வருடமாக ஞாயிறுதோறும் என்னைச் சைக்கிளில் வரச் சொன்னாள் என்பதை வாசகரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லிவிட்டேன்.)

கடைக்குப் போனேன். எக்ஸ்ரே எங்களுக்கு முன்பே வந்திருந்தான்.

4

கடைக்காரப் பெண் கூடாரத்தைத் தரையில் நிறுத்தினாள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். இரண்டு பக்கத் துணியும் அவள் முழங்கையில் பட்டது.

"இதுல ரெண்டு பேரா?" என்றேன்.

"இருவர்னு போட்டிருந்தா ஒரு ஆளும் அவங்க பையும்னு அர்த்தம் சார். நிஜமாவே ரெண்டு பேர் படுக்கணும்னா மூவர் கூடாரம் எடுக்கணும்."

"அது அவங்களுக்கு மட்டும்தான்," என்றான் எக்ஸ்ரே. "எனக்குத் தூளி இருக்கு. ரெண்டு மரம் போதும்."

"ஆட்டியெல்லாம் விட மாட்டேன்டா," என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

சந்தேகம் அங்கே செத்தது. கதையும் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் என்னை அவள் 'நீங்க' என்கிறாள். அவனை 'டா' என்கிறாள். ஒரு 'டா'வுக்குப் பதிலாகப் பதினோரு வருட மரியாதையை அந்த நிமிடம் யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவன் ஒரு கரண்டியை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான். அவளிடம் நீட்டினான். அவள் பார்த்துத் தலையாட்டினாள். அடுத்தது தட்டு. அடுத்தது கயிறு. எனக்கு யாரும் எதையும் நீட்டவில்லை.

5

"அடுப்பு எத்தனை பேருக்கு?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

இங்கே கதையை நிறுத்துகிறேன். கடைக்காரியிடம் சொல்லும் 'நாங்க'வில் நான் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னிடம் சொன்னால் தப்ப வழியில்லை. 'நாம' என்றால் நானும் உண்டு. 'நாங்க' என்றால் நான் வீட்டில்.

ஒரு முடிவில் நான் முந்திக்கொண்டு "நானும் வரேன்" என்றேன். அடித்தேன். கதை முழுக்கக் காட்டாத தைரியம் கடைசியில் எங்கிருந்து வரும்? இன்னொன்றில் எக்ஸ்ரேவே என்னை அழைத்தான். அதையும் அடித்தேன். அவன் நல்லவனாகிவிடுகிறான்.

நடந்தது இவ்வளவுதான். அவள் கடைக்காரிக்குப் பதில் சொல்லவில்லை. கையில் அடுப்போடு என் பக்கம் திரும்பினாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை, முகம் அப்படி இருந்தது.

"நா" என்றாள்.

அடுத்த எழுத்தை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.