முத்திரையம்மா பார்க்காத ஆள்

சட்டசபைச் செயலகத்தில் முன்னாள் உறுப்பினர்களுக்குப் பென்ஷன் போடும் பிரிவு ஒன்று உண்டு. அதன் அதிகாரிக்கு முத்திரையம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரப்பர் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வருவதால் அலுவலகம் வைத்த பெயர். முப்பத்தொரு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய பென்ஷன் வந்தால்தான் அந்த வீட்டில் மருந்தும் உண்டு, சாப்பாடும் உண்டு. வம்புதும்பு இல்லாமல் நாலு மாதத்தை ஓட்டிவிட்டால் போதும் என்று இருந்தவளுக்குத்தான் அன்று காலை ஒரு சுற்றறிக்கை வந்தது.

இறந்துபோன ஒரு முன்னாள் உறுப்பினர் பெயரில் பென்ஷன் போய்க்கொண்டிருப்பதாக எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். யார் என்று சொல்லவில்லை, பாவி. அதனால் நாளையிலிருந்து தணிக்கைக் குழு ஒவ்வொரு வீடாகப் போகும். இயந்திரத்தில் விரலை வைக்கச் சொல்லி, பழைய சான்றுகளில் இருக்கிற ரேகையோடு ஒத்துப் பார்க்கும். பட்டியலில் முதல் வீடு இடிமுழக்கத்தின் வீடு.

இடிமுழக்கம் மூன்று தடவை உறுப்பினராக இருந்தவர். அவர் எழுந்து பேசினால் சபையில் மைக்கை அணைத்துவிடுவார்கள், தேவைப்படாது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் முத்திரையம்மா சான்று கொடுக்க வேண்டும். ‘என் முன்னிலையில் வலது கட்டைவிரல் ரேகை வைத்தார்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டுத்தான் இருக்கிறாள். ஆனால் இந்தப் பிரிவுக்கு வந்த மூன்று வருடமாக அவள் அவரைக் கண்ணால் பார்க்கவே இல்லை!

வேண்டுமென்று செய்த தப்பில்லை. பெரிய மனிதர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, ‘உயிரோடுதான் இருக்கீங்களா’ என்று கேட்பது மரியாதை இல்லை என்று அந்தப் பிரிவில் காலங்காலமாக ஒரு வழக்கம். அதிகாரி கூடத்தில் உட்காருவார். தாளும் மை அட்டையும் உள்ளே போகும். தேநீர் வரும். குடித்து முடிப்பதற்குள் தாள் ரேகையோடு திரும்பி வரும். அவளுக்கு முன்பு இருந்தவரும் இப்படித்தான் செய்தார், அவருக்கு முன்பு இருந்தவரும் இப்படித்தான். மாட்டிக்கொள்ளப் போவது மட்டும் இவள்.

மூன்று வருடம். செத்தவருக்குத்தான் சான்று கொடுத்துக்கொண்டிருந்தோமா? அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். பயணச்சீட்டு கேட்ட நடத்துநரிடம் கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

கதவைத் திறந்தது இடிமுழக்கத்தின் மகன். ஐம்பது வயது, வழுக்கைத் தலை. அவளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டான்.

“என்ன மேடம், இந்த வருஷத்துக்குத்தான் போட்டாச்சே?”

“அப்பாவைப் பார்க்கணும்.”

“தூங்குறாரு. உக்காருங்க, டீ போடச் சொல்றேன்.”

“டீ வேணாம். எழுப்புங்க.”

“டாக்டர் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு மேடம். நாளைக்கு வாங்களேன்.”

“நாளைக்கு நான் வரமாட்டேன், தணிக்கைக்காரங்க வருவாங்க. விரலை மெஷின்ல வெச்சுப் பார்ப்பாங்க. தம்பி, உண்மையைச் சொல்லுங்க. அப்பா இருக்காரா, இல்லையா?”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. சமையலறை வாசலில் அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு. வேலை போச்சு, பென்ஷன் போச்சு, போலீஸ் வரும், கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்குக் கஞ்சி ஊற்ற ஆளிருக்காது.

அவள் மகனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வாழ்நாளில் யாரையும் அப்படித் தள்ளியதில்லை. கடைசி அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தாள்.

மருந்து வாடை. ஜன்னலோரக் கட்டிலில், கழுத்து வரை போர்வையோடு ஒரு கிழவர் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தார். அந்தப் புருவம், அந்த மூக்கு, சந்தேகமே இல்லை. இடிமுழக்கமேதான்.

“ஐயா!” என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறார்! அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

“யாரு?” என்றார் அவர். அந்தக் குரலில் பழைய இடியும் இல்லை, முழக்கமும் இல்லை.

“பென்ஷன் பிரிவுங்க ஐயா. நாளைக்கு ஆள் வருவாங்க. பயப்படாதீங்க, வலது கட்டைவிரலை ஒரு தடவை வெச்சாப் போதும்.”

கிழவர் முகம் சுண்டிப்போனது. மகனைப் பார்த்தார். பிறகு மெல்லப் போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

முத்திரையம்மா தரையிலிருந்து எழுந்தாள்.

“சர்க்கரைப் புண் மேடம்,” என்றான் மகன். “மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்.”

“அப்போ தாள்ல இருக்கற ரேகை?”

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ஃபாரத்துல வலது கட்டைவிரல்னு போட்டிருந்துச்சு. அது இல்லைன்னா பென்ஷனை நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டோம். அவருக்கு மருந்து வாங்கவே அதுதான்...”

“அடப் படுபாவி!” அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இடது கை விரலை வெச்சு, ஏன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சு போற விஷயம்டா இது! உங்கப்பா பென்ஷனை யாராலயும் நிறுத்த முடியாது. உயிரோட இருக்கற வரைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அஞ்சு நிமிஷத்துல மேசையைத் தட்டி நிறைவேத்தினாங்க. கொண்டுவந்தவரே இதோ படுத்திருக்காரு!”

மகன் கண்ணில் உயிர் வந்தது. “நிஜமாவா மேடம்? நிறுத்த முடியாதா? என்னையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?”

“அவரு உயிரோடதானே இருக்காரு. வாங்கக் கூடாத காசு எதையும் நீங்க வாங்கல. நல்லாத் திட்டிட்டு விட்டுடுவாங்க.”

மருமகள் வாய்விட்டு அழுதாள். மகன் வழுக்கைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தான். டீ போடு, டீ போடு என்று மனைவியை விரட்டினான். முத்திரையம்மா கைப்பையிலிருந்து புதுத் தாளை எடுத்தாள். கிழவரின் இடது கட்டைவிரலில் மை தடவி அழுத்தினாள். குழந்தை விரல் மாதிரி சொன்னபடி கேட்டது. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். ‘முந்தைய மூன்று ரேகைகளும் இவருடையவை அல்ல, இவரை நேரில் பார்க்காமல் நான் சான்று கொடுத்தேன்.’ மறைத்தாலும் நாளைக்கு இயந்திரம் சொல்லிவிடும். முந்திக்கொண்டால் ஜெயிலாவது தப்பலாம்.

கிழவர் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு என்னம்மா ஆகும்?”

கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

“விசாரணை வெப்பாங்க ஐயா. பொய்ச் சான்று கொடுத்தது குத்தம்தானே. என் பென்ஷனை நிறுத்திடுவாங்க.”

“அந்தச் சட்டத்துல உங்களையெல்லாம் சேர்க்க மறந்துட்டோமா?”

“மறக்கலைங்க. முதல்ல ஊழியர்களும் அதுல இருந்தோம். அப்போ நான் டைப்பிஸ்ட், நான்தான் அடிச்சேன். சபைக்குப் போறதுக்கு முந்தின நாள் நீங்க என் மேசைகிட்ட வந்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுன்னு சொன்னீங்க. ஏன்னு எங்க அதிகாரி கேட்டதுக்கு, இவங்களுக்கெல்லாம் பயம் இருந்தாத்தான் வேலை ஒழுங்கா நடக்கும்னீங்க.”

கிழவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். முத்திரையம்மா தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துப் பக்கத்தில் குத்தினாள்.