இலை எடுக்க ஆள்

கழுதை கெட்டால் குட்டிச்சுவர். உஷாராணி மறுபடியும் பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனை ஆலையின் எடை மேடை அறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கம்பெனி எழுதிக் கொடுத்த எடை போடும் புரோகிராம் மறுபடியும் நின்றுவிட்டது. வெளியே குலை ஏற்றிய லோரிகள் சாலை வரை நின்றன. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் இன்று மதியம் அவள் அப்பா சன்னாசிக்குக் கருமாதி. இந்தச் சனியனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

"என்னாம்மா சீக்கு இதுக்கு?" என்றார் சுகுமாறன். எடைக் கணக்கு எழுதும் கிராணி, அப்பாவின் கூட்டாளி.

"ஒவ்வொரு லோரி வர்றப்பவும் புரோகிராமுக்குள்ள ஒரு திரெட் பொறக்குது மாமா, தனி வேலையாள் மாதிரி. வேல செய்ய அதுக்குன்னு கொஞ்சம் மெமரி எடம். வேல முடிஞ்சி திரெட் போயிடுது, எடம் அப்படியே கெடக்குது. கடைசில புதுசா வர்றதுக்கு எடமில்ல."

"போறதே எடத்த ஒழிச்சிட்டுப் போனா என்னா?"

"எங்க ஆபீஸ் தனேஷ் நேத்து அப்படித்தான் எழுதிப் பாத்தான், மொத்தமும் விழுந்துருச்சி. சாப்பிடறவன் சாப்பிட்டுகிட்டே எலைய உருவுனா சோறு எங்க போவும்? அவன் எந்திரிச்சப்புறம் வேற ஆளு வந்து எடுக்கணும். இங்க எலை எடுக்க ஆளே போடல. அடுத்த பந்தி எங்க ஒக்காரும்?"

சுகுமாறன் சிரித்தார். "சரி, நீ கெளம்பு. அது நிக்க நிக்க நான் கம்ப்யூட்டர அடைச்சித் தொறந்துகிட்டு இருக்கேன். ஒன் அப்பன் காரியம்லா."

மேசைக்கடியில் அவருடைய பை. புது வேட்டியின் கரை எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர் இவர். மகள் அப்போது ராவாங் ஆபீஸில் இதே போல் எதையோ சரிசெய்துகொண்டிருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க போங்க மாமா. அங்க தம்பி ஜீவன் தனியா நிக்கிறான்."

அவர் மறுத்தார், அவள் பையை எடுத்துக் கையில் திணித்தாள்.

முடிந்த திரெட்டின் இடத்தை ஒழிக்க இன்னொரு திரெட். நாலே வரிதான். அவர் மோட்டார் சைக்கிள் சந்தியைத் தாண்டுவதற்குள் எழுதிவிட்டாள். இவ்வளவுதானா என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எழுந்து போக முடியாது. இடம் உண்மையிலேயே திரும்பி வருகிறதா என்பது லோரிகள் எல்லாம் போன பிறகுதான் தெரியும்.

லோரிகள் ஒவ்வொன்றாக எடை மேடையில் ஏறின, இறங்கின. திரையில் மெமரி ஓர் அளவோடு நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. அம்மா வேலம்மா போனில் கூப்பிட்டு, காரியம் முடிந்தது, சுகுமாறன் தேம்பித் தேம்பி அழுதார் என்றாள்.

அப்பா செத்ததிலிருந்து சவப்பெட்டி, பந்தல், சமையல் என்று ஓடியவளுக்கு இப்போதுதான் கைக்கு வேலையில்லை. உஷாராணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஜன்னலில் ஒரு டிரைவர் தட்டினார். "மறுபடியும் கெட்டுப் போச்சா தங்கச்சி?"

"இல்லண்ணே, நல்லாருக்கு," என்று மூக்கைத் துடைத்தாள். "லோரிய ஏத்துங்க."