பிரம்மசக்தியின் பல் இடம் பிடித்த கதை

பிரம்மசக்திக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வலித்தால் ஊர் வழக்கப்படி, அரசாங்கத்திடம் காட்டுவதா தனியாரிடம் காட்டுவதா என்று முடிவு பண்ணி, பொழுது அடைவதற்குள் ஒரு டாக்டர் கை வாய்க்குள் போய்விட வேண்டும். போய்விட்டால் பல் அவளுக்கு. போகாவிட்டால் பல் ஓரகத்தி வாய்க்குப் போய்விடும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இதில் புதுசாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ஓரகத்தி செல்லக்கிளி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, விடிந்ததும் வந்து நின்றுவிட்டாள். அவள் வாயில் அதே இடத்தில் ஒரு பொந்து இருந்தது. உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

“யக்கா, ரொம்ப வலிக்கோ?”

“வலிச்சா ஒனக்கென்னட்டி?”

“தொணைக்கு வாரேன்.”

“வாய மூடிக்கிட்டு வா.”

செல்லக்கிளி வந்தாள். வாயை மட்டும் மூடவில்லை.

பிரம்மசக்திக்கு அந்தப் பல் என்றால் உயிர். கறிக்குழம்பில் நல்லி எலும்பு வந்தால் வீட்டு ஆம்பிளைகள் அவளிடம்தான் நீட்டுவார்கள். ஒரே கடி. படீர் என்ற சத்தத்தில் மாமனார் தூக்கத்திலிருந்து எழுந்து கும்பிடுவார். அப்பேர்ப்பட்ட பல் செல்லக்கிளி வாயில் உட்கார்ந்து மிக்சர் தின்பதா?

முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கைராசிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வராந்தாவின் கடைசியில் இருந்தார். இங்கிருந்து பார்த்தால் மீசை மட்டும் தெரிந்தது. வரிசை நகர நகர வராந்தாவும் நீண்டுகொண்டே போனது. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. முன்னால் நின்ற இரண்டு குடும்பத்தார் சம்பந்தம் பேசி, வரிசையை விடாமல் அங்கேயே கல்யாணத்தையும் முடித்தார்கள். பிரம்மசக்திக்கும் ஒரு தம்ளர் பாயசம் வந்தது. மரியாதைக்குக் குடித்தாள். பல் இன்னும் வலித்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவிடம் கேட்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள உள்ள போயிரலாமாம்மா?”

“எந்தச் சாயங்காலம்?”

“இன்னைக்குத்தான்.”

“இன்னைக்கு இன்னும் இங்க வந்து சேரல.”

வெளியே வந்து சாலையைக் கடந்தாள். எதிரே தனியார் ஆஸ்பத்திரி. அங்கே வராந்தாவே கிடையாது. கதவைத் தள்ளலாமா என்று யோசித்தாள், யோசிக்கும்போதே உள்ளே இருந்தாள். ஏசி குளிரில் செல்லக்கிளியின் பொந்து விசில் அடித்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் டார்ச் அடித்து பிரம்மசக்தியின் வாய்க்குள் பார்த்தாள்.

“வலிக்கிற பல்லு அருமையா இருக்கு மேடம். வலிக்காத பல்லுங்கதான் சரியில்ல.”

“அதுங்க சும்மாதானம்மா இருக்கு.”

“அதான் மேடம் பயமா இருக்கு. வாய இங்க வெச்சிட்டுப் போங்க, பார்த்துட்டுச் சொல்றோம்.”

“வாய வெச்சிட்டுப் போனா நான் எப்படிப் பேச?”

“பேசுறதுக்கு வேற வாய் தருவோம்.”

கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்த வாய் “வெல்கம்” என்றது. பிரம்மசக்திக்கு அதன் பேச்சே பிடிக்கவில்லை.

“டாக்டர கூப்பிடும்மா.”

அந்தப் பெண் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினாள். அதே மீசை.

“எதுத்தாப்புல கவர்மெண்ட் டூட்டி முடிஞ்சதும் வருவாரு.”

“இங்க எப்ப வந்து சேருவாரு?”

“பொழுது அடைஞ்சதும்.”

அட பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அங்கே போனால் ஆள் தூரத்தில். இங்கே இருந்தால் பொழுது போய்விடும். நடுரோட்டில் வந்து நின்றாள். சூரியன் மெடிக்கல் ஷாப் போர்டு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பல் ஆடியது. ஆடி ஆடி, கழன்று நாக்கின் மேல் வந்து படுத்தது. செல்லக்கிளி எதிரே வந்து நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து வாயை அகலமாகத் திறந்தாள். பிரம்மசக்திக்குப் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல் அழுகை வந்தது.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

அரசு ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து டாக்டர் பல் பார்க்கும் நாற்காலி வெளியே வந்தது. டூட்டி மாறிப் போகிறது. எதிர்க் கட்டடம்தான் என்றாலும் ஊரைச் சுற்றித்தான் போகும். எல்லா நாற்காலிக்கும் இருப்பதுபோல் அதற்கும் ஜன்னல் இருந்தது. டாக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதினார். வரிசை மொத்தமும் பின்னால் ஓடிவந்தது. புது மாப்பிள்ளை மாலையைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினான், குறி தப்பியது. ஒருத்தர் துண்டை வீசினார், காற்று கொண்டுபோய்விட்டது. 

பிரம்மசக்தி கல்யாணமான நாளிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறவள். ஓடுகிற பஸ்ஸில் இடம் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் கையில் பை இல்லை, கர்ச்சீப் இல்லை, ஒன்றுமே இல்லை. வாயில் பல் இருந்தது. அதைக் கையில் துப்பினாள். ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து ஜன்னலுக்குள் எறிந்தாள்.

பல் சீட்டின் நடுவில் போய் விழுந்தது.

முதலில் ஏறிய தடித்த மனுஷர் உட்காரக் குனிந்தார்.

“ஆள் வருது” என்றது பல்.

மனுஷர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். செல்லக்கிளி பாய்ந்து ஏறி பல்லை எடுக்கக் கையை நீட்டினாள். கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

“எடம் புடிச்ச பொருளத் தொடலாமாம்மா? நல்லாருக்கா இது?”

செல்லக்கிளி வெட்கப்பட்டுக் கீழே இறங்கிவிட்டாள். பிரம்மசக்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆளை இடித்துத் தள்ளி ஏறி, பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தாள்.

“அரசா, தனியாரா?” என்றார் டாக்டர்.

“எறங்கும்போது சொல்லுதேன்.”

டாக்டர் தலையாட்டினார். நியாயமான பதில்தானே. பல்லை வாங்கி வாய்க்குள் கைவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். அவர் கையை வெளியே எடுத்த பிறகுதான் சூரியன் போர்டுக்குப் பின்னால் இறங்கியது. வலி போன இடம் தெரியவில்லை.

“கடிச்சுப் பாருங்க.”

முன்னால் இருந்த இரும்புக் கம்பியைக் கடித்தாள். படீர் என்று முறிந்தது. ரோட்டில் எல்லாரும் கைதட்டினார்கள், தடித்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரம்மசக்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகமே தன் பல்லுக்கு நடுவில் இருப்பதுபோல் தோன்றியது.

செல்லக்கிளி வாயைத் திறந்தபடியே கூட ஓடிவந்துகொண்டிருந்தாள். பாவம், மூச்சு வாங்கியது. பிரம்மசக்தி ஓரமாக நகர்ந்தாள்.

“ஏறுட்டி. ஒடுங்கி உக்காந்தா ரெண்டு பேரு இருக்கலாம்.”

“எனக்குப் பல்லு?”

“டாக்டர் இருக்காருல்லா, கேப்போம். மொதல்ல ஏறு.”

நாற்காலி ஊரைச் சுற்றி முடித்தது. தனியார் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. கவுண்ட்டர் பெண் கையில் அந்த வாயோடு காத்துக்கொண்டிருந்தாள். எதிர் வாசலில் நர்ஸம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“எறங்குதீங்களாம்மா?”

பிரம்மசக்தி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு நாற்காலியின் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“போலாம் ரைட்!”