வேறொன்றின் எலும்பு

மகேஸ்வரி மீன் வெட்டுவதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் பதினாலு வருஷம் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்தவள், இப்போது தினமும் காலையில் சிதம்பரம் பஸ் ஏறி, அங்கே ஒரு கல்லூரியின் ஜியாலஜி மியூசியத்தில் தரை துடைக்கிறாள். மீனைத் தொட்டால் கை நடுங்குகிறது என்று குப்பத்தில் சொல்லி வைத்திருந்தாள். அது பொய். கை நடுங்கவில்லை. எதுவுமே ஆகவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாயிருந்தது. கொதிக்கக் கொதிக்க டீயைக் குடித்து, நாக்கு வெந்துபோனது மறுநாள்தான் தெரிந்தது. தாலியைக் கழற்றிய அன்றும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, அவர்களா அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார்கள்?

அவள் புருஷன் ராஜவேல் போன படகு காற்றில் கவிழ்ந்தது. கூடப் போன மூன்று பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை. ஓர் ஆள் தண்ணீரில் கிடக்கும்போது அந்தக் குப்பத்தில் யாரும் வலை போடமாட்டார்கள். படகுகள் தேடத்தான் போகும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. ஒன்பது நாள் ஆயிற்று. அறுபது வீட்டில் கஞ்சிக்கே இழுபறியாயிற்று. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தெருவில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மாமியார் முத்தம்மாள் மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

பத்தாம் நாள், தெற்கே ஓர் ஊரில் ஒரு சவம் ஒதுங்கியது. முகம் இல்லை. இடுப்பில் சிவப்பு அரைஞாண் கயிறு. ராஜவேலும் சிவப்புதான் கட்டுவான். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் கட்டுகிறார்கள். ஊர்த்தலைவர் பஞ்சநாதன் பிணவறை வாசலில் நின்றபடி, "நல்லாப் பாத்துச் சொல்லு தங்கச்சி, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். பட்டினியில் அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது. போலீஸ்காரர் துணியைக் கால் பக்கம் விலக்கினார்.

ராஜவேலின் இடது கால் சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது. கல்யாணமான வருஷமே படகுக் கயிறு சுற்றிப் பிய்த்துவிட்டது. இந்தக் காலில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. எத்தனை நாள் தண்ணீரில் ஊறினாலும் போன விரல் முளைக்காது.

"ஆமா, அவருதான்" என்றாள் மகேஸ்வரி.

சவத்தை ராஜவேல் என்று சொல்லிப் புதைத்தார்கள். மறுநாள் விடியுமுன் அத்தனை படகும் கடலுக்குப் போயின. அன்றைக்கு மரத்துப் போனவள்தான்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுத் தூண் ஒன்றில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. காணவில்லை, கலைமணி, வயது முப்பத்தொன்பது, மீன்பிடித் தொழிலாளி, சிவப்பு அரைஞாண் கயிறு அணிந்திருந்தார். கீழே ஒரு போன் நம்பரும், 'மனைவி பவானி' என்றும் போட்டிருந்தது. முதல் தடவை படித்தபிறகு, மகேஸ்வரி அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் பஸ் ஏறுவாள். சுற்றிப் போனால் மட்டும் மறந்துவிடுமா? நம்பர் மனப்பாடமாகிவிட்டது.

மியூசியத்துக்குப் பொறுப்பு ஞானசேகரன் சார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்காமல், தரையில் என்ன கல் பதித்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மனுஷர். அரியலூர்ப் பக்கத்து ஓடை ஒன்றிலிருந்து அவர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த எலும்புகள் மேஜை நிறையக் கிடந்தன. எலும்பு என்று பேர்தான், கல்லாகிப் பல கோடி வருஷம் ஆயிற்றாம். மாடு தண்ணீருக்கு அலைகிற அந்த இடம் அப்போது கடலாம்.

"இக்தியோசார்னு பேரு மகேஸ்வரி. பாக்க மீனு மாதிரி இருக்கும், ஆனா மீனு இல்ல. பல்லி, முதலை வகை. ஒரு பஸ்ஸு நீளம் வரும். முதுகெலும்பு நாப்பத்தொண்ணு கெடச்சிருக்கு. நாளைக்கு மியூசியத்தைப் பாக்கக் கமிட்டி வருது, வரிசையா அடுக்கணும். பிரிச்சுப் பாக்கவே எனக்குத் தலை சுத்துது."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொன்றும் பெரிய இட்லி அளவு. இரண்டு பக்கமும் குழி. இதைப் பார்த்து முழிக்க என்ன இருக்கிறது? வஞ்சிரத்தின் முள்ளும் இப்படித்தான், என்ன, கொஞ்சம் சின்னது. பக்கவாட்டில் விலா ஒட்டிய முண்டு மேலே இருந்தால் கழுத்துப் பக்கம். கீழே இறங்க இறங்க வயிறு. அப்புறம் வால். கண்ணை மூடிக்கொண்டே செய்கிற வேலை. அவள் கை பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டே போயிற்று. சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நாற்பது எலும்பு வரிசையில் உட்கார்ந்தன. வால் பக்கம் ஓர் இடைவெளி. கையில் ஒன்று மிச்சம்.

"வச்சிடு, சரியா ரொம்பிடும்" என்றார் சார்.

மகேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கனம் ஜாஸ்தி. குழி ஆழமில்லை. அடியில் மூக்கு மாதிரி இரண்டு சின்னத் துளை. மற்ற நாற்பதிலும் அது கிடையாது.

"இது அது இல்லீங்க சார்."

"அட, ஒரு எலும்புதானம்மா. கமிட்டிக்காரங்களுக்கு என்ன தெரியப் போவுது? எடம் காலியா இருந்தாத்தான் கேப்பாங்க."

அவளுக்கும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. எலும்பை இடைவெளிக்கு நேராகக் கொண்டுபோனாள். உட்காரும்போலத்தான் தெரிந்தது. அழுத்தி வைத்தால் உட்கார்ந்துவிடும். ஆனால் விரல்கள் விடவில்லை.

"இந்த ஒடம்பு இல்ல சார் இது" என்றாள். குரல் சத்தமாக வந்துவிட்டது. "இது வேற ஒண்ணோடது. தெரிஞ்சே எப்படி வைக்கிறது?"

சார் சங்கடத்தோடு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். துளைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "நீ சொல்றது சரிதான். இது நீளக் கழுத்துக்காரன், பிளீசியோசார். அதுவும் கடல்லதான் இருந்துது." எலும்பைத் தனியாக ஒரு தட்டில் வைத்தார். "அப்படீன்னா இதுக்குச் சொந்தமான மிச்ச ஒடம்பு அங்கயே எங்கியோ கெடக்குது. இதை இங்க வச்சிருந்தா அதை யாரும் தேடியே போயிருக்க மாட்டாங்க."

மனுஷர் எலும்பைப் பற்றித்தான் சொன்னார். மகேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு, பாதித் தரை துடைக்காமலே, "இன்னிக்கு சீக்கிரம் போறேன் சார்" என்று கிளம்பினாள்.

ஊர் காறித் துப்பும். துப்பட்டும். மாமியாருக்கு மறுபடியும் பிள்ளையைப் பறிகொடுக்கிற நாளாக இருக்கும். கடலூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அன்றைக்குச் சவத்தைக் காட்டிய போலீஸ்காரரின் ஸ்டேஷனுக்குப் போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா வெளயாடறியா? அது உன் வீட்டுக்காரர் இல்லன்னா பின்ன யாரு?"

"அது எனக்குத் தெரியாது சார். ஆனா கலைமணின்னு ஒருத்தரைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அவரு வீட்டுல பவானின்னு பேரு. நம்பர் சொல்றேன், கூப்பிட்டுக் கேளுங்க. தோண்டி எடுத்து அவுங்களாச்சும் பாத்துச் சொல்லட்டும்."

பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். மகேஸ்வரி, வயது முப்பத்தாறு, க/பெ லேட் ராஜவேல்.

"சார், அந்த லேட்ட மட்டும் அடிச்சிடுங்க."

"ஏம்மா, ஆளு திரும்பி வருவாருன்னு நெனைக்கிறியா?"

"வரமாட்டாரு சார். ஆனா இன்னும் கெடைக்கல இல்ல."

எழுத்தர் அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டார். மகேஸ்வரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ராஜவேல் செத்துப்போய்விட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.